கண் சிமிட்டினால்தான் கணக்கா? மாற்றுத்திறனாளிகளை வாசலிலேயே நிறுத்தும் ‘பாதுகாப்பு’

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது திருக்கோஷ்டியூர். சௌமிய நாராயணப் பெருமாள் கோயில் என்றதும் பலருக்கும் ராமானுஜர் கதைதான் ஞாபகத்துக்கு வரும். உபதேசம் கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்து வந்த ராமானுஜரை, திருக்கோஷ்டியூர் நம்பி 17 முறை திருப்பி அனுப்பினார். 18-வது முறைதான் கதவு திறந்தது. ‘யாருக்கும் சொல்லக் கூடாது’ என்ற நிபந்தனையோடு கிடைத்ததை அவர் கோயில் மேல் ஏறி ஊருக்கே சொன்னார் என்கிறது வைணவ மரபு.

இன்று அதே ஊரில் ஒருவர் வாசலில் காத்து நிற்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் போனே வாசல். வங்கிக் கணக்கு, காஸ் சிலிண்டர், ரயில் டிக்கெட், பென்ஷன், கல்லூரி விண்ணப்பம் என எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன. வாசலில் சில கேள்விகள்: பாஸ்வேர்டு என்ன? ஓடிபி என்ன? படத்தில் டிராபிக் சிக்னல் எங்கே இருக்கிறது? கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள். 17 முறை எல்லாம் முயற்சி செய்ய விடாது. மூன்று முறை தப்பானாலே பல கணக்குகள் ‘லாக்’ ஆகிவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு இது சில விநாடி எரிச்சல். பார்வை, செவி, கை அசைவு, முக அமைப்பு போன்றவற்றில் குறைபாடு உள்ளவர்களுக்கு இது கதவையே மூடிவிடும் வேலை. இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போய், 2025-ல் முக்கியமான தீர்ப்பும் வந்திருக்கிறது. என்னதான் நடக்கிறது?

வழக்கு எங்கே தொடங்கியது?

ஆசிட் வீச்சில் உயிர் தப்பியவர் பிரக்யா பிரசூன். தன்னைப் போலப் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஓர் அமைப்பையும் நடத்துகிறார். 2023-ல் ஒரு தனியார் வங்கியில் கணக்கு தொடங்கப் போனார். டிஜிட்டல் கேஒய்சி செய்யும்போது, கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். எதிரே இருப்பது உயிருள்ள ஆளா, வெறும் போட்டோவா என்று பார்ப்பதற்கான சோதனை அது. ஆசிட் வீச்சில் கண்களும் இமைகளும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரால் எப்படிச் சிமிட்ட முடியும்? கேஒய்சி முடியவில்லை. விஷயம் சமூக வலைதளங்களில் பெரிதான பிறகுதான் அவருக்கு மட்டும் விதிவிலக்கு கிடைத்தது.

ஒருவருக்கு விதிவிலக்கு கிடைத்தால் போதுமா என்று கேட்டு, அவரும் வேறு சிலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயினும் தனியாக ஒரு மனு போட்டிருந்தார். செல்ஃபி எடுப்பது, கட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவருவது, தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து ஏற்றுவது, சில விநாடிகளுக்குள் ஓடிபி அடிப்பது என ஒவ்வொரு படியும் பார்வை உள்ளவரை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது என்பது அவருடைய வாதம். இரண்டு மனுக்களையும் சேர்த்துத்தான் தீர்ப்பு வந்தது.

பூட்டு எங்கெல்லாம் இடிக்கிறது?

*கேப்ட்சா:* ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்கச் சொல்லும் சோதனை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைத்த பெயர் இது. வளைந்து நெளிந்த எழுத்தையோ படத்தையோ கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்வையற்றவர்கள் போனில் இருப்பதைக் குரலாக வாசித்துக் காட்டும் ‘ஸ்கிரீன் ரீடர்’ மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். கேப்ட்சா படத்தில் என்ன இருக்கிறது என்பதை அந்த மென்பொருளால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் ரோபோவுக்கும் தெரிந்துவிடுமே!

மாற்றாகச் சில இடங்களில் ஒலி கேப்ட்சா உண்டு. இரைச்சலுக்கு நடுவே யாரோ ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டு அடிக்க வேண்டும். தமிழ்வழியில் படித்த ஒருவருக்கு அது இன்னொரு பூட்டு. பார்வையும் செவித்திறனும் சேர்ந்தே இல்லாதவருக்கு இரண்டு வழியும் அடைப்பு. படக் கேப்ட்சா கேட்கும் அமெரிக்கத் தெருவின் தீயணைப்புக் குழாயை, பார்வை நன்றாக இருக்கும் சிவகங்கைக்காரரே எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

*ஓடிபி:* செயலியிலிருந்து வெளியே வந்து, குறுஞ்செய்தியைத் திறந்து, எண்ணைக் கேட்டு, மனத்தில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போய் அடிக்க வேண்டும். ஆறு இலக்க எண்ணைச் சில குரல்கள் தனித்தனி இலக்கமாகச் சொல்லாமல் ‘நான்கு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து...’ என்று மொத்தமாக வாசித்துவிடும். அதைப் பிரித்துப் புரிந்துகொள்வதற்குள் நேரம் முடிந்துவிடும். கை நடுக்கம் உள்ளவருக்கும், எழுத்துகளையும் எண்களையும் வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கும் இதே கதைதான். ‘போன் செய்து சொல்கிறோம்’ என்றால் செவித்திறன் இல்லாதவருக்கு அது வராத ஓடிபி.

*வீடியோ கேஒய்சி:* 2020-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்த முறை. வங்கி ஊழியர் வீடியோவில் நேரலையாகப் பேசி, கேள்வி கேட்டு, ஆவணத்தைப் பார்த்துச் சரிபார்ப்பார். வங்கிக்குப் போய் வர முடியாதவருக்கு நல்ல வசதி. ஆனால், சைகை மொழி தெரிந்தவர் எதிர்ப்பக்கம் இல்லையென்றால் செவித்திறன் இல்லாதவர் என்ன செய்வார்? கழுத்தைத் திருப்ப முடியாதவரிடம் ‘தலையை இடது பக்கம் திருப்புங்க’ என்றால்?

*கைரேகை:* விரல் இல்லாதவர்கள், தொழுநோயால் விரல்கள் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமல்ல. சித்தாள் வேலை, வயல் வேலை என உழைத்து உழைத்து ரேகை தேய்ந்தவர்களும் இதில் சிக்குகிறார்கள். 2023 டிசம்பரில், விரல்கள் இல்லாததால் ஆதார் கிடைக்காத கேரளப் பெண் ஒருவரின் விவகாரம் பெரிதானது. விரல் இல்லாவிட்டால் கருவிழிப் பதிவு, இரண்டும் முடியாவிட்டால் இரண்டும் இல்லாமலேயே ஆதார் தரலாம் என்பதை அப்போது மத்திய அரசு தெளிவுபடுத்தியது. அப்படி விரல், கருவிழிப் பதிவு தர முடியாத சுமார் 29 லட்சம் பேருக்கு ஏற்கெனவே ஆதார் கொடுக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னது. விதி இருந்தும், கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் பயன் இல்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

*பாதுகாப்புக்காகவே முடக்கப்படும் உதவிகள்:* சில இணையதளங்களில் பாஸ்வேர்டை ‘பேஸ்ட்’ செய்ய விட மாட்டார்கள். சிலவற்றில் எண் பலகை ஒவ்வொரு முறையும் இடம் மாறும். திரையில் இருப்பதைத் திருடும் மோசடிச் செயலிகளுக்குப் பயந்து, சில செயலிகள் ஸ்கிரீன் ரீடரையும் சேர்த்தே சந்தேகப்பட்டுத் தடுத்துவிடுகின்றன. திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரரே மாட்டிக்கொள்கிறார்.

‘யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்ளலாமே?’

உடனே வரும் கேள்வி இது. உண்மையில் பல வீடுகளில் நடப்பதும் இதுதான். ‘போனைக் கொடுங்கக்கா, நான் போட்டுத் தர்றேன்’ என்று பக்கத்து வீட்டுத் தம்பியோ, கம்ப்யூட்டர் சென்டர்காரரோ உதவுகிறார். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனின் நம்பருக்கு அம்மாவின் ஓடிபி போகிறது. ‘வந்துச்சாப்பா?’ என்று போனில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பாஸ்வேர்டு, பின் நம்பர், ஓடிபி ஆகியவற்றை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது பாதுகாப்பின் முதல் பாடம். பார்வையற்ற ஒருவரால் தானாக அடிக்க முடியாத வகையில் ஒரு பக்கத்தை உருவாக்கினால், அவர் அதை இன்னொருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்த ரகசியத்தைக் காப்பாற்றப் பூட்டு போட்டார்களோ, அந்த ரகசியத்தை அந்தப் பூட்டே வெளியே சொல்ல வைக்கிறது.

பணம் போனால்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தன் ரகசிய விவரத்தைப் பகிர்ந்தது போன்ற அலட்சியத்தால் இழப்பு ஏற்பட்டால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்பட்ட முழு இழப்பும் அவர் தலையில்தான். வேறு வழியில்லாமல் பகிர்ந்தவருக்கும், கவனமில்லாமல் பகிர்ந்தவருக்கும் ஒரே கணக்கு.

பணத்தைத் தாண்டி, அந்தரங்கமும் இருக்கிறது. எவ்வளவு சம்பளம் வருகிறது, எந்த மருத்துவமனைக்குப் பணம் கட்டினார், யாருக்கு அனுப்பினார் என்பதெல்லாம் உதவி செய்பவருக்கும் தெரிந்துவிடும். வீட்டுக்குள்ளேயே ஏமாற்றப்படுகிறவர்களுக்கு, ‘வீட்டில் யாரையாவது வைத்துப் போடுங்க’ என்பது உதவியே இல்லை.

அப்படியென்றால் பாதுகாப்பு வேண்டாமா?

வேண்டும். ஆன்லைன் மோசடிகள் பெருகும் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது மற்றவர்கள் அளவுக்கே தேவை. சோதனை எதைக் கேட்கிறது என்பதுதான் பிரச்சினை. ‘இது நீங்கள்தானா?’ என்று கேட்க வேண்டிய இடத்தில், ‘மற்றவர்களைப் போல் உங்களால் பார்க்க, கேட்க, சிமிட்ட, வேகமாக அடிக்க முடியுமா?’ என்று கேட்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இரண்டாவது கேள்வியால் பாதுகாப்பு கூடிவிடுவதும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், கேப்ட்சாக்களை மனிதர்களைவிட ரோபோ நிரல்களே வேகமாகவும் துல்லியமாகவும் முடிப்பது தெரியவந்தது. ரோபோ உள்ளே போகிறது, மனிதர் வெளியே நிற்கிறார்.

மாற்று வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. உயிருள்ள ஆளா என்று பார்க்கச் சிமிட்டச் சொல்லாமலேயே, முகத்தின் ஆழம், தோலின் தன்மை, ஒளி விழும் விதம் ஆகியவற்றை வைத்துக் கணிக்கும் தொழில்நுட்பம் உண்டு. ஐபோனில் முகத்தைக் காட்டித் திறக்கும் வசதி, பொதுவாகக் கண்கள் திரையைப் பார்க்கின்றனவா என்றும் கவனிக்கும். அந்த நிபந்தனையைப் பயனரே அணைத்து வைக்கலாம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் ‘பாஸ்கீ’ முறையில், போனைத் திறக்க ஏற்கெனவே பழகிய வழியே போதும். கைரேகை, முகம், பின் நம்பர் என எது முடியுமோ அது.

இணையதளங்களுக்கான சர்வதேச அணுகல் விதிமுறையின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. உள்நுழையும்போது ஒருவரின் நினைவாற்றலையோ புதிர் தீர்க்கும் திறனையோ மட்டும் நம்பிச் சோதிக்கக் கூடாது, வேறு வழியும் தர வேண்டும் என்பதை அது தனி விதியாகவே சேர்த்தது. பாஸ்வேர்டை பேஸ்ட் செய்ய அனுமதிப்பது, பாஸ்வேர்டு மேனேஜரைத் தடுக்காமல் இருப்பது எல்லாம் இதில் அடங்கும்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற நீதிபதி மகாதேவன். அரசு நலத்திட்டங்களும் வங்கிச் சேவைகளும் ஆன்லைனுக்குப் போய்விட்ட நிலையில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்பது தீர்ப்பின் மையம். மொத்தம் 20 உத்தரவுகள். அவற்றில் முக்கியமானவை:

• உயிருள்ள ஆளா என்று சோதிக்கக் கண் சிமிட்டலைத் தவிர வேறு வழிகளும் வேண்டும்.

• கையெழுத்துப் போட முடியாதவரின் பெருவிரல் ரேகைப் படத்தை டிஜிட்டல் கேஒய்சியில் ஏற்க வேண்டும்.

• காகிதத்தில் கேஒய்சி செய்யும் வழியை மூடிவிடக் கூடாது.

• கணினி நிராகரித்த விண்ணப்பத்தை மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வழி வேண்டும்.

• சைகை மொழி விளக்கம், எழுத்து வடிவ வசனம், ஒலி விளக்கம் போன்ற வசதிகள் தர வேண்டும்.

• இணையதளங்களும் செயலிகளும் குறிப்பிட்ட இடைவெளியில் அணுகல் தணிக்கைக்கு உட்பட வேண்டும்; வெளியிடும் முன் சோதிக்கும்போது பார்வையற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் புதிதல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் எண்ணிக்கையை 7-லிருந்து 21 ஆக்கிய அந்தச் சட்டம், ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்தது. தகவல் தொழில்நுட்பச் சேவைகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 17802, 2023 மே மாதம் விதிகளில் சேர்க்கப்பட்டது. இருந்தும், ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்ற ஒரு வரியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இது சிலருடைய பிரச்சினையும் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி, தமிழகத்தில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். குறைபாடுகளின் பட்டியல் 21 ஆக விரிவதற்கு முந்தைய கணக்கு இது. வயதாகும்போது பார்வை மங்கும், காது மந்தமாகும், கை நடுங்கும். அவர்களையும் சேர்த்துக்கொண்டால் இதில் சிக்காத குடும்பமே இருக்காது.

அதன் பிறகு என்ன மாறியது?

2025 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி தன் கேஒய்சி விதிகளைத் திருத்தியது. உயிருள்ள ஆளா என்ற சோதனை, சிறப்புத் தேவை உள்ளவர்களை ஒதுக்கிவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகளின் விண்ணப்பத்தை யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியும் 2025 ஜூலை இறுதியில், தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் இணையதளங்களும் செயலிகளும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது.

விதி மாறியதும் செயலி மாறிவிடாது என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு ‘அப்டேட்’டிலும் பொத்தான்கள் இடம் மாறும், நேற்று வேலை செய்த ஸ்கிரீன் ரீடர் இன்று திணறும். அதனால்தான் தணிக்கையை ஒரே முறையோடு நிறுத்தாமல் குறிப்பிட்ட இடைவெளியில் செய்யச் சொன்னது நீதிமன்றம்.

தடங்கல் வந்தால் என்ன செய்யலாம்?

• கேஒய்சி நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காகித வழியும், மனிதர் மறுபரிசீலனையும் கேட்க உரிமை உண்டு.

• வங்கிக்குப் போக முடியாதவர்கள், 70 வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியிருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

• பார்வையற்றவர் என்ற காரணத்துக்காகச் செக் புத்தகம், ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங் ஆகியவற்றை மறுக்கக் கூடாது. இது 2008 முதலே உள்ள உத்தரவு.

• வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

• எந்த நிறுவனமாக இருந்தாலும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் டெல்லியில் உள்ள தலைமை ஆணையரிடமும் புகார் தரலாம். திருக்கோஷ்டியூர்க்காரர்கள் வழி கேட்க அருகில் உள்ள அரசு அலுவலகம், சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

செயலி உருவாக்குபவரா நீங்கள்?

சென்னை ஓஎம்ஆரிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து இந்த ‘லாகின்’ பக்கங்களை எழுதுபவர்களில் செட்டிநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் இன்று இரவே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. அதை அணைப்பது எப்படி என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு, போனின் ‘செட்டிங்ஸ்’ போய், ‘ஆக்ஸசிபிலிட்டி’ பகுதியில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவரை இயக்குங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நீங்களே எழுதிய செயலிக்குள், உங்கள் சொந்தக் கணக்கில், யார் உதவியும் இல்லாமல் நுழைந்து பாருங்கள். எத்தனையாவது முறை கதவு திறக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாளைக் காலை அலுவலகத்தில் பேச வேண்டிய விஷயம் அந்த எண்தான்.